முதல் நிறுத்தத்தின் விலை

"அண்ணி, கொஞ்சம் வெளியே வாங்க. உங்க பேச்சுக்கு விலை கேட்டு எழுதியிருக்காங்க."

"மெதுவாப் பேசுடி. பேருந்து இப்பதான் பாலத்துல ஏறுது."

இந்தப் பேச்சு ஒரு துணி அலமாரியின் கதவு வழியாக நடந்தது. உள்ளே கம்பளிச் சட்டைகளுக்கும் பழைய போர்வைகளுக்கும் நடுவில், குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, மைக்கை மடியில் வைத்திருந்தாள் அண்ணி. தொங்குகிற துணியெல்லாம் எதிரொலியைக் குடித்துவிடும் என்று எங்கோ கேட்டுவிட்டு அலமாரிக்குள் புகுந்தவள், அதையே அலுவலகமாக்கிக்கொண்டாள். வெளியே கையில் போனோடு நாத்தனார். சன்னலோரக் கட்டிலில், வெயிலுக்கு முதுகைக் காட்டியபடி, ரொட்டி அடுப்பில் இரவு வேலை முடித்துவிட்டு வந்த கணவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தத் தூக்கம்தான். ஊரே விழித்திருக்கும் நேரத்தில் அவன் தூங்கியாக வேண்டும். இவள் காய் நறுக்கிக்கொண்டே அவனிடம் ஏதாவது சொல்ல ஆரம்பிப்பாள். இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் குறட்டை வந்துவிடும்.

"எங்கண்ணனுக்கு உங்க பேச்சுன்னா உசுரு, அண்ணி. என்ன, இதுவரைக்கும் ஒரு வார்த்தைகூடக் காதுல விழுந்ததில்லை" என்று நாத்தனார் குத்திக் காட்டுவாள். குத்திக் காட்டியவளேதான் ஒருநாள் அந்தப் பேச்சைப் போனில் பிடித்து, தூக்கம் வராத தோழி ஒருத்திக்கு அனுப்பி வைத்தாள். தோழி மறுநாள் மத்தியானம் எழுந்து கேட்ட முதல் கேள்வி: "இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?"

அப்படிப் பிறந்ததுதான் 'கடைசி நிறுத்தம்' என்கிற பாட்காஸ்ட். வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு பேருந்து கிளம்பும். எங்கும் அவசரமாகப் போகாது. ஈரத் துணி காயும் மாடிகள், பூட்டிய பள்ளிக்கூடம், ஒரு நாற்காலி மட்டும் வெளியே கிடக்கும் சலூன் என்று ஒவ்வொரு நிறுத்தமாக அவள் சொல்லிக்கொண்டே போவாள். கேட்கிறவர்கள் ஒவ்வொருவராகத் தலை சாய்ந்துவிடுவார்கள். கடைசி நிறுத்தத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் எழுதிக் கேட்டதே இல்லை. அதற்குள் நாத்தனார் பதிவை நிறுத்தச் சொல்லிவிடுவதால் அவளும் அதுவரை ஓட்டிப்போனதில்லை. கேட்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் தூக்கக்காரி. முதலில் கோபம் வந்தது, பிறகு பிடித்துப்போனது.

தூக்கக்காரி கதவைத் திறந்தாள். "யாரு எழுதியிருக்கா?"

"தலையணை செய்யறவர். சொந்தப் பட்டறையாம். 'உங்கள் நிகழ்ச்சியில் எங்கள் தலையணையைப் பற்றி நான்கு வார்த்தை சொல்ல, மாதத்துக்கு என்ன விலை?' அண்ணி, ஸ்பான்சர்! நமக்கு!"

"சத்தம் போடாதே, அண்ணன் முழிச்சுக்குவார்."

"நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க, திரும்பத் தூங்கிடுவார்."

சிரிப்பு அடங்கியதும் இருவருக்கும் ஒரே நினைப்பு வந்தது. திங்கட்கிழமை.

தூக்கக்காரி முன்பு பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தவள். ஒருநாள் அவளைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, எல்லா ஊர்ப் பெயர்களையும், எல்லா எண்களையும், 'கவனிக்கவும்', 'தாமதமாகும்', 'புறப்படத் தயாராக உள்ளது' எல்லாவற்றையும் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்கள். ஒரு நாள் கூலி கொடுத்தார்கள். அடுத்த வாரம், இனி ஆள் தேவையில்லை என்றார்கள். இப்போது விசாரணைக் கவுன்ட்டரில் ஒரு இடம் விழுந்திருக்கிறது. மாதம் இருபதாயிரம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். காலை முதல் சாயங்காலம் வரை கவுன்ட்டரில் கத்திவிட்டு வந்தால் அலமாரிக்குள் பேசக் குரல் மிஞ்சாது. அது அவளுக்குத் தெரியும். ரொட்டிச் சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும் சரியாகிவிடுகிறது என்பதும் தெரியும்.

"இருபதாயிரம் இதுல வந்துட்டா நீங்க அலமாரியிலேயே இருக்கலாம்" என்றாள் நாத்தனார்.

"வராட்டி கவுன்ட்டர்."

"எவ்வளவு கேப்பீங்க?"

"ரெண்டாயிரம் கேக்கட்டுமா?"

நாத்தனார் வாயைப் பிளந்தாள். "அண்ணி! நீங்க எதுவும் எழுதாதீங்க. முதல்ல வாயாடிக்குப் போன் பண்ணுங்க."

வாயாடி இவளைப் போலத் தனியாகப் பாட்காஸ்ட் நடத்துகிற ஒரு சிநேகிதி. மாமியார் சண்டை, பக்கத்து வீட்டு வம்பு, கல்யாணத்தில் நடந்த கூத்து என்று இரண்டு தோழிகளோடு சேர்ந்து சிரித்துத் தள்ளுவாள். அவளுக்கு மூன்று ஸ்பான்சர்கள்.

"ரெண்டாயிரமா? போனை வைடி முதல்ல!" என்றாள் வாயாடி. வைக்கவிடவில்லை. "சும்மா பேசினாலும் பேசு, சல்லிசாப் பேசாதே. நீ குறைச்சுக் கேட்டா நாளைக்கு எங்களையும் குறைக்கச் சொல்வான். என் விலைச் சீட்டை அனுப்பறேன், அப்படியே எழுதிக்கோ. ஆரம்பத்துல விளம்பரம்னா பன்னிரண்டாயிரம். கடைசியில எட்டு. நடுவுல இருபது."

"நடுவுக்கு ஏன் அவ்வளவு?"

"ஆரம்பத்துல வர்றதைத் தள்ளிவிட்டுட்டு ஓடிடுவாங்க. கடைசியில பாதிப் பேர் போயிருப்பாங்க. நடுவுல வம்பு சூடு பிடிச்சிருக்கும் பாரு, அடுத்து என்ன ஆச்சோன்னு விட்டு நகர மனசு வராது. அங்க செருகணும். இந்தத் தொழில்ல நடுதான் உசத்தி. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

தூக்கக்காரி சீட்டை அப்படியே எழுதி அனுப்பினாள். எழுதும்போது கை கூசியது. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் பதில் வந்துவிட்டது: 'நடுவிலேயே போடுங்கள். விளம்பரம் எப்படி வரும் என்று ஒருமுறை காதால் கேட்க வேண்டும். சனிக்கிழமை பட்டறைக்கு வர முடியுமா?'

"பேரம்கூடப் பேசலை அண்ணி! முப்பதுன்னு கேட்டிருக்கணும்!" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

கட்டிலில் இருந்து கணவன் கண்ணைத் திறக்காமல் கேட்டான். "என்ன முப்பது?"

"ஒண்ணுமில்லைங்க. தலையணை."

"முப்பது தலையணையா? எதுக்கு அவ்வளவு?" என்றவன், பதில் வருவதற்குள் மறுபடி தூங்கிப்போனான்.

*

சனிக்கிழமை பட்டறைக்குப் போக அவள் பேருந்து நிலையம் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. நனைந்த தரையில் பேருந்துகளின் நிறங்கள் தலைகீழாக மிதந்தன. மேலே, இரும்புத் தூணில் கட்டிய ஒலிபெருக்கியில் அவளே பேசிக்கொண்டிருந்தாள்.

"கவனிக்கவும். ஏழாம் நடைமேடையில் உள்ள பேருந்து, சற்று நேரத்தில் புறப்படும்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். பல வருஷத்துக்கு முந்தைய குரல். இப்போதைய தொண்டையை விட மெல்லியது. அந்தப் பெண்ணுக்குச் சளி பிடிப்பதில்லை, வயசாவதில்லை, சம்பளமும் கிடையாது. அவளுடைய பேச்சைக் கேட்டு ஒரு பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

நிலையக் கண்காணிப்பாளர் குடையை மடக்கியபடி எதிரில் வந்தார். "அடடே! வாங்கம்மா. திங்கட்கிழமை ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்குங்க."

"வர்றப்போ ஒரு நாள் கூடுதலா வாங்க. புதுசா சில வழித்தடம் விட்டிருக்கோம். அந்தப் பேரையெல்லாம் பேசிக் கொடுத்துட்டீங்கன்னா பழசோட ஒட்டிக்கலாம். ஒரு நாள் கூலி போட்டுக் கொடுத்துடறேன்."

"அதே கூலியா?"

"கொஞ்சம் ஏத்தியே தர்றேன், நம்ம ஆள்தானே நீங்க!" என்று பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டுப் போனார்.

"சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றது மேலிருந்து அவள் குரல்.

*

பட்டறை ஒரு நீளமான கூடம். ஒருபக்கம் தையல் மிஷின்கள். மறுபக்கம் கூரையைத் தொடும் அளவுக்குப் பஞ்சு. உயரத்தில் இருந்த சன்னல்கள் வழியாக வெயில் சரிவாக இறங்கியது. அதில் பஞ்சுத் துகள்கள் விழவும் மனமில்லாமல், பறக்கவும் தெம்பில்லாமல் நின்றுகொண்டிருந்தன. நடந்தால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. யாரோ தன்னைக் கனவில் நடத்திக் கூட்டிப்போவது போல இருந்தது அவளுக்கு.

தலையணைக்காரர் புருவமெல்லாம் பஞ்சோடு எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க வாங்க. நீங்கதானா அது! குரலைக் கேட்டு ஆளு ஒல்லியா இருப்பீங்கன்னு நினைச்சேன்."

"குரல்தாங்க ஒல்லி."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உக்காருங்க. விலைச் சீட்டைப் பார்த்தேன். நடுவே போடுவோம்னு வீட்டுக்காரிகிட்டேயும் சொல்லிட்டேன். பணம், கணக்கு எல்லாம் அவங்கதான், மாடியில இருக்காங்க, வந்துடுவாங்க. அதுக்குள்ள விளம்பரத்தை எப்படிச் சொல்வீங்கன்னு நான் கேட்டுடறேன்."

"விளம்பரத்தை மட்டும் படிக்கட்டுங்களா?"

"இல்ல இல்ல. முதல்ல இருந்தே ஆரம்பிங்க. நடுவுல வர்றப்போ வரட்டும். அப்பதானே அது எப்படி உக்காருதுன்னு தெரியும்?"

நியாயமான பேச்சுதான். தூக்கக்காரி காகிதத்தை எடுத்தாள். மிஷின்களின் சத்தத்தில் குரல் எடுபடுமா என்று தயங்கினாள். பிறகு அலமாரிக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"இந்தப் பேருந்து எங்கேயும் அவசரமாகப் போகவில்லை. நீங்கள் ஏறும்போது சன்னலோர இருக்கை காலியாகவே இருக்கும்..."

பேருந்து கிளம்பியது. தையற்கடை தாண்டியது. தெருமுனையில், விலை கேட்காமல் பூனைக்குப் பால் ஊற்றும் கடைக்காரர் கையசைத்தார். ஓரத்து மிஷின் ஒன்று நின்றது. அதில் இருந்தவர் தைத்துக்கொண்டிருந்த உறையின் மேலேயே கன்னத்தை வைத்துக்கொண்டார். பேருந்து மணிக்கூண்டைச் சுற்றியது. இன்னொரு மிஷின் நின்றது. "உடம்புக்கு ஒண்ணுமில்லை, சும்மா கண்ணை மூடிக்கறேன்" என்று யாரோ யாருக்கோ சமாதானம் சொன்னது கேட்டது. தலையணைக்காரர் முதலில் தலையாட்டிக் கேட்டார். பிறகு தலை மட்டும் ஆடியது. பாலம் வருவதற்கு முன்பே அவர் நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்துவிட்டார். காதில் செருகியிருந்த பென்சில் நழுவிப் பஞ்சில் விழுந்தது. அதுவும் சத்தம் போடவில்லை.

தூக்கக்காரி பழக்க தோஷத்தில் நடுப்பகுதி வரை போய்விட்டாள்.

"இப்போது பாலம் வருகிறது. இந்தப் பயணத்தை உங்களுக்கு வழங்குகிறவர்கள்..."

நிறுத்தினாள். சுற்றிலும் பார்த்தாள்.

கூடத்தில் அவள் ஒருத்திதான் விழித்திருந்தாள். தலையணை விற்கிறவர் தன் விளம்பரம் வருவதற்கு முன்பே தூங்கிவிட்டார். பெயர் எழுதிய உறையைத் தைக்கிறவர்களும் தூங்கிவிட்டார்கள். அவள் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால், கேட்டிருக்கக்கூடியது மிதக்கிற பஞ்சு மட்டும்தான்.

வாயாடியின் குரல் மனசுக்குள் கேட்டது. நடுவுல வம்பு சூடு பிடிச்சிருக்கும் பாரு.

'என் நடுவுல எது சூடு பிடிக்குது? எல்லாம் ஆறிப்போகுது. ஆறணும்னுதானே பேசறேன்?'

அவரை எழுப்ப மனசு வரவில்லை. இந்தத் தூக்கத்தைக் கொடுத்தவள் இவள்தான், இதைக் கலைத்துத்தான் விலை பேச வேண்டுமா? அவள் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு துகள் வந்து முழங்கையில் உட்கார்ந்தது, பிறகு வேறு எங்கோ போனது. அவளுக்கே கண் செருகியது. பேருந்து அவளையும் ஏற்றிக்கொண்டு பாலத்தின் மேல் நின்றது. கீழே தண்ணீர் அசையவில்லை. இருக்கைகளில் அத்தனை பேரும் தூங்க, கண்டக்டர் மட்டும் ஒவ்வொருவர் காதிலும் குனிந்து, 'தலையணை, தலையணை' என்று விற்றுக்கொண்டு வந்தார். திடுக்கிட்டுப் பார்த்தால் கண்டக்டர் இவளேதான்.

"என்ன, மிஷின் சத்தத்தையே காணோம்?"

மாடிப்படியில் சாவிக்கொத்துக் குலுங்க ஒரு அம்மாள் இறங்கி வந்துகொண்டிருந்தாள். தலையணைக்காரரின் மனைவி. கூடத்தைப் பார்த்ததும் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துச் சத்தத்தை அடக்கினாள்.

"எல்லாரையும் சாய்ச்சுட்டீங்களா?" என்றாள் ரகசியக் குரலில்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. விளம்பரத்தைக் கேக்கணும்னு சொன்னார்..."

"மன்னிப்பு எதுக்கு? இந்த மனுஷன் பகல்ல கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. தூங்கட்டும். விலையை எங்கிட்டப் பேசுங்க, அவர்கிட்டப் பேசினா வண்டிக் கூலியும் சேர்த்துக் கொடுத்துடுவார்." முதலாளியம்மா ஒரு பஞ்சு மூட்டையை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "நடுவுலதானே? உசத்தியான இடம்னு சொன்னார். மாசம் இருபது. கையெழுத்துப் போட்டுடலாமா?"

இருபது. கவுன்ட்டர் சம்பளம் அதே இருபது. தலையை ஒருமுறை ஆட்டினால் போதும், திங்கட்கிழமை என்ற கிழமையே காலண்டரில் இருந்து விழுந்துவிடும். தூக்கக்காரியின் தலை ஆடத் தயாராகத்தான் இருந்தது. நாக்குதான் வேறு மாதிரி சொன்னது.

"நடுவுல போடாதீங்கம்மா."

"ஏன்?"

"அங்க யாரும் முழிச்சிருக்க மாட்டாங்க. உங்க வீட்டுக்காரரைப் பாருங்க. என் பேருந்து பாலத்துக்கு வர்றதுக்குள்ள எல்லாரும் தூங்கிடுவாங்க. அங்க உங்க பேரைச் சொன்னா தூங்கறவங்க காதுலதான் சொன்ன மாதிரி. சத்தமாச் சொன்னா எழுந்துடுவாங்க. எழுந்தா உங்களைத் திட்டுவாங்க, அடுத்து என்னைத் திட்டுவாங்க."

முதலாளியம்மா தூங்குகிற கணவனையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்புறம் சீட்டுல எதுக்கு நடுவுக்கு இருபதுன்னு போட்டீங்க?"

"அது என் சீட்டு இல்லைங்க. ஒரு சிநேகிதியோடது. அவ வம்பு பேசறவ. அவளுக்கு நடுதான் உசத்தி. யோசிக்காம அப்படியே எழுதிட்டேன்."

முதலாளியம்மாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, கோபமா என்று ஒரு நொடி தெரியவில்லை. சிரிப்புதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சட்டை தைக்கறவன் அளவை வெச்சுத் தலையணை உறை தைச்ச மாதிரி! கை ரெண்டும் வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும்!" கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அந்த முகத்தில் வியாபாரம் திரும்பி வந்தது. "சரி. அப்போ ஆரம்பத்துல போடுங்க. ஆரம்பத்துக்குப் பன்னிரண்டுதானே எழுதியிருக்கீங்க? பன்னிரண்டு தர்றேன்."

உண்மை பேசின வாய்க்கு எட்டாயிரம் அபராதம்.

"அதுவும் அவ சீட்டுதானேம்மா?"

"நீங்க அனுப்பின சீட்டு."

"நடுவு விலை தப்புன்னா ஆரம்பத்து விலையும் தப்புதானே?"

இருவரும் திருடர்கள் மாதிரிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். தலையணைக்காரர் தூக்கத்தில் உதட்டைச் சப்புக்கொட்டினார். இருவரும் பேச்சை நிறுத்தி, அவர் அடங்கும் வரை காத்திருந்தார்கள்.

"அவ நிகழ்ச்சியில ஆரம்பத்தைத் தள்ளிவிட்டுட்டு ஓடுவாங்க, வம்பு எங்கேன்னு" என்றாள் தூக்கக்காரி. "என் ஆளுங்க எங்கேயும் ஓட மாட்டாங்க. விளக்கை அணைச்சு, படுத்து, போர்வையை இழுத்துவிட்டுட்டு, போனைத் தொடாம மல்லாந்து கிடப்பாங்க. ஏறினவங்க அத்தனை பேரும் முழிச்சிருக்கிற ஒரே இடம் முதல் நிறுத்தம்தான். அதுவும் அந்த நேரத்துல அவங்க தலை எதுமேல இருக்கும்னு சொல்லுங்க?"

முதலாளியம்மாவின் கை தானாகப் பக்கத்தில் கிடந்த ஒரு தலையணையைத் தட்டியது.

"பேச்சு நல்லாத்தான் இருக்கு" என்றாள். "எவ்வளவு?"

"பதினாறு."

"பதினாலு."

"பதினஞ்சு. ஒரு தடவைதான் சொல்வேன், அதுவும் என் குரல்ல. மேளதாளம் கிடையாது. நடுவுலயும் கடைசியிலயும் நீங்க காசு கொடுத்தாலும் கிடையாது."

"சரி, பதினஞ்சு. ஆனா இன்னொண்ணு. இந்த மெத்தைக்காரன், போர்வைக்காரன் எவன் வந்து கேட்டாலும் நீங்க பேசக் கூடாது. எங்களுக்கு மட்டும்தான்."

தூக்கக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாயாடியின் சீட்டில் இது இல்லை. அவளிடம் புடவைக் கடையும் பேசலாம், நகைக் கடையும் பேசலாம். தூக்கம் விற்கிறவளிடம் வேறு யார் வருவார்கள்? மெத்தைக்காரன், போர்வைக்காரன், கொசுவலைக்காரன். அவர்களுக்கெல்லாம் கதவை அடைக்கச் சொல்கிறாள் இந்த அம்மாள்.

"அப்படின்னா வர்றவங்களையெல்லாம் நான் திருப்பி அனுப்பணும். அதுக்குத் தனி விலைங்கம்மா."

"கதவைச் சாத்தறதுக்குக் காசா?"

"உங்களுக்காகச் சாத்தறதுக்கு."

முதலாளியம்மா மூக்கை உறிஞ்சினாள். "என்ன விலை?"

"அஞ்சு. பதினஞ்சும் அஞ்சும் இருபது."

"இருபதுன்னு சுளையாக் கொடுக்க என் கைக்கு வராது. பத்தொம்பது. அதோட போறப்போ ஒரு தலையணை எடுத்துட்டுப் போங்க."

தூக்கக்காரி தலையணையைப் பார்த்தாள். வெள்ளை உறை, மூலையில் பட்டறையின் பெயரும் சின்னதாக ஒரு பிறையும் தைத்திருந்தார்கள். ஆசையாகத்தான் இருந்தது.

"தலையணைக்குக் காசு கொடுத்துடறேன்மா. சும்மா வாங்கினா நல்லாயிருக்குன்னு நான் சொல்றது கூலிக்குச் சொன்ன மாதிரி ஆயிடும். வீட்டுல ஒருத்தர் பகல்ல தூங்கறவர் இருக்கார். அவர் ஒரு வாரம் படுத்துப் பார்க்கட்டும். கழுத்து வலிக்குதுன்னாருன்னா நான் பேச மாட்டேன், நீங்களும் காசு தர வேண்டாம்."

"எங்க தலையணையில எவனுக்கும் கழுத்து வலிக்காது!" முதலாளியம்மாவுக்குக் குரல் எழும்பிவிட்டது. ஓரத்து மிஷின்காரர் திடுக்கிட்டு எழுந்து, ஒன்றுமே நடக்காதது போல மிஷினை மிதித்தார்.

"இன்னும் ஒண்ணுங்கம்மா" என்றாள் தூக்கக்காரி, அந்த மிஷின் சத்தத்தின் மறைவில். "இப்ப நான் பேசி வெக்கறது எப்பவும் அங்கேயே இருக்கும். அஞ்சு வருஷம் கழிச்சு எவனாவது பழைய பயணத்துல ஏறினாலும் உங்க பேரு கேக்கும். அதுக்குக் கெடு வேணும். ஒரு வருஷம். அதுக்கப்புறமும் இருக்கணும்னா நாம திரும்ப உக்காந்து பேசணும். இல்லேன்னா எடுத்துடுவேன்."

"ஒரு தடவை பேசறதுக்கு எத்தனை தடவை காசு?"

"ஒரு தடவை பேசி ஒரு தடவை காசு வாங்கியிருக்கேன்மா. நீங்க பேருந்து நிலையத்துக்குப் போவீங்களா?"

"வாரா வாரம் சரக்கு அனுப்பப் போறேனே."

"'கவனிக்கவும். ஏழாம் நடைமேடையில் உள்ள பேருந்து, சற்று நேரத்தில் புறப்படும்.'"

முதலாளியம்மாவின் கையில் இருந்த சாவிக்கொத்து நின்றது. "அது... அந்தப் பொண்ணு நீங்களா?"

"ஒரு நாள் கூலி. இன்னும் வேலை செஞ்சுக்கிட்டிருக்கா."

முதலாளியம்மா கீழே விழுந்திருந்த பென்சிலைப் பஞ்சில் துழாவி எடுத்து, கணவனின் மேஜையில் கிடந்த காகிதத்தின் பின்புறம் எழுத ஆரம்பித்தாள். எழுதும்போது உதடு அசைந்தது. முதல் நிறுத்தம். ஒரு தடவை. வேறு யாரும் கிடையாது. ஒரு வருஷம். பத்தொம்பது.

"ஒரு வருஷம் கழிச்சு இருபது கேப்ப, எனக்குத் தெரியும்" என்றாள். அவளுக்கே தெரியாமல் 'நீங்க' எங்கோ பஞ்சில் விழுந்து காணாமல் போயிருந்தது. "கையெழுத்துப் போடு."

தலையணைக்காரர் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். ஒன்றுமே தவறவிடாதவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ம்... சொல்லுங்க, சொல்லுங்க. பேருந்து கிளம்பிடுச்சு. அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஊருக்கே போய்ச் சேர்ந்தாச்சு!" என்றாள் மனைவி. "எழுந்திரிங்க, முகத்தைக் கழுவுங்க."

*

கணவன் ஒரு வாரம் பிறை போட்ட தலையணையில் தூங்கினான். கழுத்து எப்படி இருக்கிறது என்று நாத்தனார் தினமும் கேட்டு அவனை நச்சரித்தாள். "எந்தக் கழுத்து?" என்றான் அவன். அதுவே நல்ல பதில் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஆனால் அந்தப் பதில் வரும்வரை திங்கட்கிழமை காத்திருக்கவில்லை. பணம் கைக்கு வரும் முன்பே அவள் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. வரமாட்டேன் என்று சொன்னாள்.

கண்காணிப்பாளர் நம்பவில்லை. "அலமாரிக்குள்ள உக்காந்து பேசறதுக்கா? சரி, உங்க இஷ்டம். அந்தப் புது வழித்தடத்தையாவது ஒரு நாள் வந்து பேசிக் கொடுத்துட்டுப் போங்க."

"பேசறேங்க. வருஷத்துக்கு இவ்வளவுன்னு வாடகை வெச்சுக்கலாம்."

"குரலுக்கு வாடகையா? யாரும்மா இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறது?"

"சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றது ஒலிபெருக்கி.

அவர் அண்ணாந்து பார்த்தார். அவளும் பார்த்தாள். "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்" என்றார். கேட்பாரா, மாட்டாரா என்பது வேறு விஷயம். அவள் வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஏறினாள். சன்னலோர இருக்கை காலியாக இருந்தது.

தலையணைக்கு ஒரு வாரம் முடிந்ததும், அடுத்த பயணத்தை அவள் மத்தியானத்தில் பதிவு செய்தாள். கம்பளிச் சட்டைகள் இருபக்கமும் தோளில் சாய்ந்துகொண்டிருந்தன. கதவுக்கு வெளியே நாத்தனார், காதில் ஹெட்போனோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"விளம்பரம் விளம்பரம் மாதிரி தெரியணும் அண்ணி. மறைச்சு வெக்காதீங்க."

"மறைக்கலைடி. நீ பேசாம கேளு."

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இந்தப் பேருந்து எங்கேயும் அவசரமாகப் போகவில்லை. முதல் நிறுத்தத்தில் ஒரு தலையணைப் பட்டறை இருக்கிறது. இந்தப் பயணத்துக்குக் காசு கொடுப்பவர்கள் அவர்கள்தான். கூடம் முழுக்கப் பஞ்சு மிதக்கிறது. நாற்காலியில் ஒருவர், காதில் பென்சிலோடு தூங்குகிறார். அவரை எழுப்ப வேண்டாம். அவர் செய்த தலையணையில் என் வீட்டுக்காரர் ஒரு வாரமாகப் படுக்கிறார். கழுத்து என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார்." பட்டறையின் பெயரை ஒரே தடவை, மெதுவாகச் சொன்னாள். "உறையின் மூலையிலும் அந்தப் பெயர் இருக்கும், பிறைக்குப் பக்கத்தில். வேண்டுமானால் ஒன்றை வாங்கிக்கொண்டு ஏறுங்கள். வேண்டாமென்றால் உங்களுடையதே போதும். வண்டி கிளம்புகிறது. இனி வழியில் யாரும் எதுவும் விற்க மாட்டார்கள்."

தையற்கடை போனது. பூனைக்குப் பால் ஊற்றுகிறவர் கையசைத்தார். மணிக்கூண்டு மெல்லத் திரும்பி முதுகைக் காட்டியது. வெளியே தொப்பென்று ஒரு சத்தம். நாத்தனாரின் கையில் இருந்து போன் நழுவியிருக்க வேண்டும். கட்டிலின் குறட்டையோடு இன்னொரு மெல்லிய குறட்டை சேர்ந்துகொண்டது.

பாலம் வந்தது. கண்டக்டர் யார் காதிலும் குனியவில்லை. சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தார். கீழே தண்ணீர் இப்போது அசைந்தது. பதிவை நிறுத்தச் சொல்ல விழித்திருப்பவர் யாரும் இல்லை. தூக்கக்காரி குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, இதுவரை தானே போய்ப் பார்க்காத கடைசி நிறுத்தத்தை நோக்கி வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள்.